அம்மாவின் ஆட்டத்தில் கேட்ட குரல்

பயந்த சுபாவமுள்ள என் அன்பு அப்பாவுக்கு,

அம்மா நன்றாக இருக்கிறார். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யார் போன் செய்தாலும், "எல்லாரும் நல்லா இருக்காங்களா, அத மொதல்ல சொல்லு" என்றுதானே நீங்கள் ஆரம்பிப்பீர்கள். நன்றாகவே இருக்கிறார். இப்போது ஹாலில் உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் ஒரு சீன அங்கிளை மலாயில் திட்டிக்கொண்டிருக்கிறார். யாரிடமும் சொல்லாமல் அவர் காட்டுக்குள் தனியாகப் போய் மாட்டிக்கொண்டாராம்.

அந்தக் காடு போனுக்குள் இருக்கிறது அப்பா. அம்மா கேம் விளையாடுகிறார்.

உங்கள் இரண்டாம் ஆண்டு நினைவுக்குப் பத்திரிகையில் படம் போட்டு நாலு வரி எழுதலாம் என்று தம்பி தினேஷ் சிங்கப்பூரிலிருந்து சொன்னான். நாலு வரி எழுதத்தான் உட்கார்ந்தேன். எனக்கு உங்களிடம் சொல்ல இருப்பது அதற்குள் அடங்கவில்லை. மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். அதனால் சில பெயர்களை மாற்றியிருக்கிறேன், சில இடங்களைச் சொல்லவே மாட்டேன். ஏன் என்று போகப் போகப் புரியும்.

நீங்கள் இருந்தவரை என் பயத்தையெல்லாம் உங்களிடம்தான் கொண்டுவருவேன். கடல் பாலத்தில் காற்று அடித்தால் பயம், ஆபீசில் முதலாளி கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் பயம். நீங்கள் தைரியம் சொன்னதே இல்லை. "சரி வா, ரெண்டு பேரா பயப்படலாம்" என்று காப்பி கலக்கப் போவீர்கள். இப்போது ஒரு பயம் இருக்கிறது. காப்பி கலக்க ஆளில்லை.

நீங்கள் பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்த இடத்தில் அப்படியே சாய்ந்து விழுந்த பிறகு, அம்மா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். சமைப்பார், துணி மடிப்பார், கோயிலுக்குப் போய் வருவார். கேட்டதற்குப் பதில் வரும், அவ்வளவுதான். நான் பீச் ஸ்ட்ரீட் ஆபீசிலிருந்து வீடு வந்தால், விளக்குகூடப் போடாமல் உட்கார்ந்திருப்பார். போனில் பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் அந்தப் பாட்டுக்கு நடுவே வந்த விளம்பரத்தை மூடப் பார்த்து, தவறான இடத்தில் விரலை வைத்துவிட்டார். அப்படித்தான் அந்த ஆட்டம் போனுக்குள் வந்தது.

ஒரு பக்கம் ஐந்து பேர், எதிர்ப்பக்கம் ஐந்து பேர். இரண்டு பக்கமும் கோட்டை. எதிரியின் கோட்டையை முதலில் இடிப்பவர்கள் ஜெயித்தவர்கள். கூட விளையாடுவோர் எங்கெங்கோ இருப்பார்கள், மைக்கில் பேசிக்கொள்வார்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், அதுவும் பிறகு தெரிந்தது. முதலில் எனக்குத் தெரிந்ததெல்லாம், வேலை முடிந்து கதவைத் திறந்தபோது உள்ளே அம்மா சிரிக்கிற சத்தமும், அதோடு சேர்ந்து ஓர் ஆணின் சிரிப்பும்.

பயந்துவிட்டேன் அப்பா. இந்த நாட்டில் எத்தனை கதை கேட்கிறோம். கணவனை இழந்த பெண்களைத் தேடிப் பிடித்துப் பேசி, நம்பவைத்து, ஓய்வூதியத்தையே உருவிக்கொண்டு போகிறார்கள். தினேஷுக்குப் போன் செய்தேன்.

"போனைப் புடுங்கி வை அக்கா. அந்த வயசுல என்ன கேம்? நாளைக்கு எவனாச்சும் வீட்டு வாசல்ல வந்து நிப்பான். அப்புறம் சூசாலா, கஷ்டம்தான்" என்றான்.

பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. அம்மாவிடமே கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை, இருவரும் பசியாறிக்கொண்டிருந்தோம்.

"யாரும்மா அந்த ஆளு?"

"எந்த ஆளு?"

"சிரிச்சிட்டு இருந்தாரே."

"அவரா? புக்கிட் மெர்தாஜாம் அங்கிள். ஏர்கோன் ரிப்பேர் பண்றவரு. அவரு பொஞ்சாதிக்கு ஞாபகம் போயிருச்சு. அவரையே அடையாளம் தெரியல. வீட்ல பேச ஆளில்ல, அதான் வர்றாரு."

"காசு கேட்டாரா?"

அம்மா இட்டலியைப் பிய்த்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தார். "நான்தான் அவருகிட்ட ஒரு தடவ காசு கேட்டேன். ஆட்டத்துல குடுக்கிற தங்கக் காசு. வாள் வாங்க."

"எதுக்கும்மா இதெல்லாம்?"

அம்மா தட்டைக் கழுவிவிட்டு வந்து, கையைத் துடைத்தபடி நின்றார். "இங்க கோயிலுக்குப் போனாலும் பசாருக்குப் போனாலும், என்னைப் பாத்ததும் எல்லாரும் மூஞ்ச ஒரு மாதிரி வச்சிக்கிறாங்க. பாவம், பாவம்னு. அங்க யாருக்கும் என் மூஞ்சி தெரியாது. நான் லேட்டா போனா, 'எங்க போன, நீ இல்லாம செத்துட்டு இருக்கோம்'னு சத்தம் போடறாங்க. எனக்கு அது நல்லா இருக்கு."

ஆட்டத்தில் அம்மாவின் பெயர் சிலிபாடி. நம் வீட்டுச் சட்டியில் நீங்கள் வளர்த்த ஊசி மிளகாய்தான். அவர் வேலை, கவசம் போட்டுக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் போவது. எதிரியின் அடியெல்லாம் முதலில் அவர்மேல் விழும். அவர் நின்றால்தான் பின்னால் இருப்பவர்கள் பிழைப்பார்கள். நம் அம்மாவா என்று எனக்கு நம்பமுடியவில்லை. நாலு பேர் கூடும் இடத்தில் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்றவர் அல்லவா?

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் மனசே சரியில்லை. "அதுல செத்தவங்க திரும்பி வந்துருவாங்கமா. கொஞ்ச நேரம் திரை சாம்பல் கலரா இருக்கும். அப்புறம் கோட்டையில இருந்து எழுந்து நடந்து வருவாங்க." சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். அவர் அங்கே யாருக்காகக் காத்திருக்கிறார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். காவலுக்குத்தான் உட்கார்ந்தேன், ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் குரல்களை ஒவ்வொன்றாக எடைபோட்டேன். ஒருவன் முதலாளி மேலிருக்கும் கோபத்தை எதிரிமேல் காட்ட வருவான். ஒருவன் ஜெயிக்க மட்டும் வருவான், தோற்றால் கெட்ட வார்த்தை பேசிவிட்டு மறைந்துபோவான். தினமும் மாறாமல் வந்தவர்கள் அம்மா, அங்கிள், பிறகு ஒரு பெண். அவளைக் கோப்பி ஓ என்று வைத்துக்கொள்ளுங்கள். பால் விடாத கறுப்புக் காப்பி, நீங்கள் கடையில் கேட்டு வாங்குவது. அவளுடைய நிஜமான ஆட்டப் பெயர் வேறு.

தமிழ்ப் பெண். மெல்லிய குரல், சொல்லை முடிக்காமல் விடுவாள். தூரத்தில் நின்று அம்பு எய்பவள். நல்ல குறி. ஆனால் பயந்தவள், யாராவது கிட்டே வந்தால் ஓடிவிடுவாள். "அக்கா, முன்னால இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அம்மா, "இருக்கேன், நீ அடி" என்பார். இது ஓர் ஆட்டத்தில் எத்தனையோ தடவை நடக்கும். இரண்டு பேருக்கும் சலிக்காது.

சில நேரம் பேச்சுக்கு நடுவே அவள் மைக் பட்டென்று மூடிவிடும். திரும்பி வந்ததும், "ஒண்ணுமில்லக்கா, வீட்ல ஆள் வந்தாங்க" என்பாள். சில நேரம் "ரயில் போவுதுக்கா, கேக்கல" என்பாள். மழைநாளில், செம்பனை எண்ணெய் ஆலையின் வாடை வீட்டுக்குள் வந்து சோற்றிலேயே ஏறிவிடுகிறது என்பாள். ரயிலும் ஆலையும் சேர்ந்திருப்பதால் நிபோங் திபால் பக்கம் என்று ஊகித்துக்கொண்டோம். தன் பெயரையோ வயதையோ அவள் சொன்னதில்லை. அம்மாவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் அங்கே மரியாதையாம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அம்மா ஹெட்போன் போடாமல் விளையாடியதால் எல்லாக் குரலும் ஹாலில் கேட்டது. பாதி ஆட்டத்தில் கோப்பி ஓவின் மைக்கில் ஒரு கதவு அடிபடும் சத்தம். மூட மறந்துவிட்டாள் போலிருக்கிறது. ஓர் ஆணின் குரல் வந்தது. கத்தவில்லை. நிதானமாக, "யார்கிட்ட பேசுற?" என்று கேட்டது. அவள் ஏதோ சொன்னாள். மறுபடியும், அதே நிதானத்தோடு, "யார்கிட்ட பேசுற?"

அதன்பிறகு ஏதோ கனமானது விழுந்தது. உடனே இன்னொரு சத்தம். அது எந்தப் பொருளும் விழுந்த சத்தம் இல்லை அப்பா, உடம்பில் விழுந்த அடி. "அக்கா" என்று ஒரே ஒரு தடவை கேட்டது. மைக் அடங்கிவிட்டது.

அங்கிள் மலாயில், "என்ன அது, என்ன அது?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் கோப்பி ஓவின் உருவம் வில்லைப் பிடித்தபடி நடுக்காட்டில் அசையாமல் நின்றது. விளையாட ஆளில்லாத உருவம். எதிரிகள் அதைப் பார்த்துவிட்டார்கள். அம்மா எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிப்போய் அதன் முன்னால் நின்றுகொண்டார். அடி விழுந்தது. செத்தார். திரை சாம்பலானது. எழுந்து மறுபடியும் அங்கேயே ஓடினார். ஆட்டம் தோற்று முடியும்வரை அதையேதான் செய்தார். "அம்மா, அது வெறும் படம்மா" என்றேன். அவருக்குக் கேட்கவில்லை.

ஆட்டம் முடிந்ததும் கோப்பி ஓவின் பெயருக்குப் பக்கத்தில், அவள் ஆட்டத்தில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி அணைந்தது.

"காடி சாவி எங்க?" என்று கார் சாவியைத் தேடினார் அம்மா.

போலீசுக்குப் போன் செய்தேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார். பெயர் என்ன, தெரியாது. முகவரி, தெரியாது. போன் நம்பர், தெரியாது. வீடு தெரிந்தால் உடனே கூப்பிடச் சொன்னார். வேறு என்ன சொல்ல முடியும் அவரால்? நான் அம்மாவிடம், "நமக்கு அவ பேருகூடத் தெரியாது. அந்த ஆளு யாருன்னு தெரியாது. கத்தி வச்சிருந்தா என்ன பண்ணுவ?" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாக உயர்ந்தது.

"பேருதான் தெரியாது. அவ கூப்பிட்டது என்னைத்தானே?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

காரை எடுத்தேன். பாலத்தில் போகும் வழியெல்லாம் திரும்பிவிடலாமா என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மா அங்கிளோடு போனில் பேசிக்கொண்டே வந்தார். அவரும் வேனை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். கோப்பி ஓ எப்போதோ சொன்னதையெல்லாம் இருவரும் சேர்த்துப் பார்த்தார்கள். ரயில் பாதை. செம்பனை ஆலை. வீட்டுக்கு எதிரே உயரமான பழைய தண்ணீர்த் தொட்டி, அதில் யாரோ பச்சைச் சாயத்தில் பெரிய பந்து வரைந்திருக்கிறார்கள் என்று ஒருநாள் சிரித்திருந்தாள்.

நிபோங் திபால் டவுனைத் தாண்டி ஒரு மளிகைக் கடையில் அம்மா இறங்கி விசாரித்தார். பச்சைப் பந்துத் தொட்டியா, பழைய தோட்டத்து வீடுகள் பக்கம் என்று கடைக்கார அக்கா கையைக் காட்டினார். அங்கே ஒரு வேன் ஏற்கெனவே நின்றது. அதிலிருந்து இறங்கியவர் ஒல்லியான மனிதர், சிலிப்பர், தோளில் ஒரு துண்டு. எத்தனை நாள் நான் பயந்துகொண்டிருந்த ஆள். அவர் அம்மாவைப் பார்த்து, "சிலிபாடி?" என்றார். அம்மா தலையாட்டினார். "சாயா புன் தாக்குட்" என்றார். எனக்கும் பயம்தான் என்று அவர் சொன்னபோது, எனக்கு உங்களைப் பார்த்த மாதிரி இருந்தது.

தொட்டிக்கு எதிரே மூன்று வீடு. இரண்டு பூட்டிக் கிடந்தன. மூன்றாவதில் கதவு பாதி திறந்திருந்தது, உள்ளே ரேடியோ சத்தமாகப் பாடியது. வாசலில் பளபளவென்று துடைத்த மோட்டார் சைக்கிள். நான் போலீசைக் கூப்பிட்டு, இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் வரும்வரை காரிலேயே இருங்கள் என்றார்கள். அதற்குள் அம்மா இறங்கி வேலிக் கதவுவரை போய்விட்டார்.

"வீட்ல யாரு?" என்று கூப்பிட்டார். வழக்கமான குரல் இல்லை, ஆட்டத்தில் கூப்பிடுகிற குரல். "காடி சூடாயிருச்சு, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

வெளியே வந்தவனுக்கு முப்பது வயதிருக்கும். தலை சீவி, சட்டையை உள்ளே விட்டிருந்தான். சிரித்தான். "வாங்கம்மா. எங்கிருந்து வர்றீங்க?" என்றான். அப்பா, அவன் கண் சிவந்திருந்தால், குடித்திருந்தால், எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. நல்ல பிள்ளை மாதிரி நின்றான். அந்த நிதானமான குரல்தான்.

அவன் உள்ளே திரும்பி, "தண்ணி எடுத்துட்டு வா" என்றான். அவள் செம்போடு வந்தாள். இருபத்தைந்துகூட இருக்காது. ஒரு பக்கக் கன்னம் வீங்கி, கண் பாதி மூடியிருந்தது. தரையைப் பார்த்தபடியே வந்தவள், வேலிக்கு அருகில் வந்து நிமிர்ந்தாள். அம்மாவின் குரலை அவள் உள்ளேயே அடையாளம் கண்டுகொண்டிருக்க வேண்டும். செம்பிலிருந்து தண்ணீர் தளும்பியது.

அம்மா செம்பை வாங்கவில்லை. அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "நான் முன்னால இருக்கேன். நீ பின்னால வந்துரு" என்றார்.

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. "யாரு நீங்க?"

அம்மா வேலிக் கதவைத் தள்ளி உள்ளே நுழைந்து, அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றார். அவன் நெஞ்சு உயரம்கூட இல்லை அம்மா. நான் போனைக் காதில் வைத்தபடி ஓடினேன். "வந்துட்டு இருக்காங்க, போலீஸ் வந்துட்டு இருக்காங்க" என்று கத்தினேன். என் குரல் உடைந்து ஏதோ குழந்தையின் குரல் மாதிரி வந்தது. அங்கிள் என் பக்கத்தில் வந்து நின்றார். அவரும் எதுவும் செய்யவில்லை, நின்றார், அவ்வளவுதான். அவன் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தான். பிறகு என் காரின் நம்பர் பிளேட்டைப் பார்த்தான். அவசரமில்லாமல், படித்து மனதில் வைத்துக்கொள்வது போல.

அவள் வெறுங்காலோடு வெளியே நடந்து வந்து காரில் ஏறிக்கொண்டாள். போன்கூட எடுக்கவில்லை. "எங்க போயிருவ?" என்று அவன் கேட்டது கார்க் கதவு மூடும்வரை கேட்டது. கோபமே இல்லாமல் கேட்டான். போலீஸ் வண்டி வந்தபிறகுதான் அம்மா அந்த இடத்தைவிட்டு நகர்ந்தார்.

காவல் நிலையத்திலும் மருத்துவமனையிலும் காத்திருந்தபோது அவள் கொஞ்சம் கொஞ்சமாகப் பேசினாள். போனை வாங்கிக் கொடுத்ததே அவன்தானாம். கேம் விளையாடினால் வெளியே போகமாட்டாள் அல்லவா. அவள் வெளியே போகாத அந்த வீட்டுக்குள், ஆட்டம் வழியாக நாங்கள் வந்துவிடுவோம் என்று அவன் நினைக்கவில்லை.

"ஏன் அதையே விளையாடிட்டு இருந்தே?" என்று கேட்டேன். குறையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"வீட்ல நான் எது செஞ்சாலும் தப்புக்கா. சோறு கொழஞ்சாலும் தப்பு, வெறச்சாலும் தப்பு. அங்க தப்பு பண்ணா, 'பரவால்லலா, அடுத்த ஆட்டம் பாத்துக்கலாம்'னு சொல்லுவாங்க." சொல்லிவிட்டு அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். இருவரும் அன்றுதான் முதல்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நெடுநாள் ஒன்றாக இருந்தவர்கள் மாதிரிதான் உட்கார்ந்திருந்தார்கள்.

இப்போது அவள் தன் அக்கா வீட்டில் இருக்கிறாள். எந்த ஊர் என்று சொல்ல வேண்டாம். அவனைப் பிடித்தார்கள், ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். வழக்கு நடக்கிறது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் நாலு வரியோடு நிறுத்தியிருப்பேன்.

போன மாதம் ஒருநாள் வேலை முடிந்து வந்தேன். போனைக் கையில் பிடித்தபடி அம்மா நடுக்கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கோப்பி ஓவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது. அவள் போன் அவனிடம்தானே இருக்கிறது. எழுத்தில் ஒரு செய்தி வந்திருந்தது. "அக்கா, நான்தான். புது போன். உங்க வீடு எங்க இருக்கு? நேர்ல பாக்கணும்." அம்மா அதைப் படித்துக்காட்டினார். படித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டத்துக்கு அழைப்பு மணி அடித்தது. நிற்கவில்லை. மறுபடியும், மறுபடியும் அடித்தது.

அம்மா போனை மேசையில் கவிழ்த்து வைத்து, அதன்மேல் சமையல் துணியைப் போட்டு மூடினார். துணிக்கு அடியிலும் அது அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் இருவரும் சன்னலை மூடிவிட்டு, அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தோம். அங்கிளுக்கும் அதே செய்தி போயிருந்தது.

போலீஸ் அந்தச் செய்திகளை வாங்கி வழக்கில் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பெயரைத் தடுத்துவிட்டோம். அம்மாவும் அங்கிளும் புதுப் பெயரில் போகிறார்கள். ஆனாலும் புதிதாக யார் சேர்ந்தாலும் எனக்குச் சந்தேகம். முன்பு திருடன் என்று பயந்தேன். இப்போது பேசாமல் விளையாடும் ஒவ்வொரு ஆளிடமும் அவன் குரலைத் தேடுகிறேன். கீழே மோட்டார் சைக்கிள் நின்றால் சன்னலுக்குப் போகிறேன். காரை எடுக்கும் முன் சுற்றிப் பார்க்கிறேன். அவன் நம்பர் பிளேட்டைப் பார்த்த பார்வை என் முதுகிலேயே இருக்கிறது.

இதற்கு மேல் அந்த ஆட்டமே வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

"ஒனக்கு மட்டும்தான் பயமா?" என்றார். "ராத்திரி தாப்பாள நான் எத்தன தடவ பாக்கறேன்னு ஒனக்குத் தெரியுமா? ஆனா அந்தப் புள்ள அவ அக்கா போன்ல திரும்ப வந்துட்டா. சாயங்காலமானா என்னைத் தேடறா. நான் இல்லன்னா அவ என்ன நெனைப்பா? அவன் ஜெயிச்சிட்டான்னு நெனைக்க மாட்டாளா?"

அவளிடமும் பேசினேன். இதையெல்லாம் எழுதலாமா, ஆபத்தில்லையா என்று கேட்டேன். "எழுதுங்கக்கா. என்னை மாதிரி யாராச்சும் மைக்க மூடி மூடித் தொறந்துட்டு இருப்பாங்க. கூட விளையாடறவங்களுக்கு அது என்னன்னு தெரியட்டும்" என்றாள்.

நானும் ஒருநாள் அம்மாவின் போனை வாங்கி விளையாடிப் பார்த்தேன் அப்பா. வழி தெரியாமல் நேரே எதிரியிடம் போய்ச் செத்தேன். யாரோ முன்பின் தெரியாதவன் என்னைத் திட்டி எழுதினான். திரை சாம்பலாகிக் காத்திருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் ஒரு பெண்ணின் குரல், "பரவால்லக்கா, நான் இங்கதான் இருக்கேன், வாங்க" என்றது. என் மூஞ்சியும் தெரியாமல், என் பயமும் தெரியாமல் ஒருவர் எனக்காகக் காத்திருந்தார். அதற்காகத்தான் எல்லாரும் வருகிறார்களா? ஜெயிக்க வருபவனும், திட்ட வருபவனும்கூடவா? எனக்கு முழுதாகத் தெரியவில்லை. நீங்கள் இருந்தால் உங்களையும் விளையாட வைத்திருப்பேன். கோட்டையைவிட்டு வெளியே வந்திருக்கமாட்டீர்கள், எனக்குத் தெரியும்.

வரும் வாரம் அவள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்கிறாள். அவனும் அங்கே இருப்பான். அம்மா போகிறார், அங்கிள் வேனை எடுத்து வருகிறார். அன்று கேட்ட குரலைப் பற்றி நானும் சொல்ல வேண்டும். நேற்றுவரை, காய்ச்சல் என்று சொல்லி லீவு போட்டுப் படுத்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்துக்கு நேராக நின்று, நான் கேட்டதைக் கேட்டேன் என்று சொல்ல வேண்டுமே.

பயம் விட்டுப்போகும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. குரல் அன்றைக்குப் போலவே உடையும். உடைந்த குரலிலேயே சொல்லி முடிப்பேன் அப்பா. அந்தக் கதவு அடிபட்டதிலிருந்து, "அக்கா" என்ற அந்த ஒரு சொல்வரை, ஒன்றும் விடாமல் சொல்வேன்.

என்றும் உங்கள் மூத்த மகள்.
(பெயர் வேண்டாம் அப்பா. நீங்கள் வைத்த பெயர்தான், உங்களுக்குத் தெரியும்.)